காது அவளுடையது, மடி மாமனுடையது

1

இன்று காலை எங்கள் வீட்டுக்குப் புகைபோக்கிக்காரர் வந்து போனார். நான் இதை எழுத உட்கார்ந்ததற்கு அவர்தான் காரணம். குற்றம் குறை இருந்தால் அவரையே கேட்டுக்கொள்ளவும்.

ஊரில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஜெர்மனியில் வீட்டைச் சூடாக்க அடித்தளத்தில் ஒரு பெரிய அடுப்பு இருக்கும். அதன் புகைக்குழாயைப் பார்வையிட அரசாங்கம் ஏரியாவுக்கு ஒரு ஆளைப் போட்டிருக்கிறது. கறுப்பு உடுப்பு, தோளில் சுருட்டிய கம்பியும் பிரஷ்ஷும். அவர் வருகிறேன் என்று சொன்ன நாளில் நான் கதவைத் திறந்தே ஆகவேண்டும். வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. பார்த்து முடித்ததும் பில்லை என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போவார். அவர் சட்டைப் பொத்தானைத் தொட்டால் நல்லது நடக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை. என் மனைவி மலர்விழி காபி கொடுக்கிற சாக்கில் ஒவ்வொரு முறையும் தொட்டுவிடுவாள். எங்களுக்கு இதுவரை பில்தான் வந்திருக்கிறது.

நான் பிறந்து வளர்ந்தது கடலூர் ஓ.டி.யில், அதாவது ஓல்டு டவுனில். எங்கள் தெருவில் ஒருவர் துபாய் போய் வந்து வீட்டின் முகப்பைக் கப்பல் மாதிரியே கட்டினார். நங்கூரம்கூட இருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டவர்களும் எத்தனை மூட்டை சிமெண்ட் ஆச்சு என்றுதான் கேட்டார்கள். அந்த மண்ணிலிருந்து வந்தவன் நான். இங்கே என் வீட்டு முன்சுவருக்குக் கிளிப்பச்சை அடிக்க ஆசைப்பட்டேன். எங்கள் தெருவுக்கு அனுமதிக்கப்பட்ட நிறங்கள் வெள்ளை, வெள்ளை மாதிரி இன்னொன்று, அப்புறம் சாம்பல் என்று தெரிந்தது. தோட்டத்தில் இலையாகக் கொட்டித் தீர்க்கும் ஒரு மரத்தை வெட்டலாம் என்றால், நகராட்சி அம்மா டேப்போடு வந்து அடிமரத்தை அளந்து, இவ்வளவு பருமன் ஆன மரம் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது என்றார். வெட்டினால் அபராதம் எனக்கு.

அந்த அம்மாவிடம் நான் ஆவேசமாக வாதாடினேன். ஒரு சிக்கல் என்னவென்றால், எனக்கு ஜெர்மன் மொழி வந்ததே என் மகள் இனியாவின் பாலர் பள்ளி வழியாகத்தான். அங்கே எல்லோரும் எல்லோரையும் நீ, வா, போ என்றுதான் பேசுவார்கள். நானும் அதே மொழியில், நீ யார் என் மரத்தைத் தொட, நீ போய் உன் வீட்டு மரத்தை அள என்று பேசிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. மெதுவாக, சின்னச் சின்ன வாக்கியமாக, மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல்வதுபோல எனக்குச் சட்டத்தை விளக்கிவிட்டுப் போனார்.

அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் கொள்கைப் பிரகடனமே செய்துவிட்டேன். என் வீடு எனக்கு, என் மரம் எனக்கு, என் உடம்பு எனக்கு, அரசாங்கம் ரோட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளட்டும், இது என்னுடையது என்று சொல்கிறவனிடம் கேள்வி கேட்க எவனுக்கும் உரிமை இல்லை. மேசையைத் தட்டியதில் ரசம் சிந்தியது. இனியாவுக்கு அப்போது ஒன்பது வயது. அப்பளத்தை உடைக்காமல் கையில் வைத்துக்கொண்டு முழுசாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் எதிரில் கொள்கை பேசக்கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

2

இந்தக் கதையில் முக்கியமான ஆள் என் மச்சான் குமரவேல். மலர்விழிக்கு அண்ணன், சிதம்பரத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறார். கல்யாணம், கட்சிக்கூட்டம், மஞ்சள் நீராட்டு எதுவானாலும் அவர் பாக்ஸ்தான். ஆளும் அந்தப் பாக்ஸ் மாதிரியே அகலம்.

நான் கிறிஸ்தவன், மலர்விழி இந்து. இரண்டு வீட்டிலும் எங்கள் கல்யாணத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ரெஜிஸ்டர் கல்யாணம்தான் வழி. இந்த மாதிரிக் கல்யாணத்துக்கு அரசாங்கம் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. இன்னார் இன்னாரைக் கட்டப்போகிறார், ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று ரெஜிஸ்டர் ஆபீஸ் பலகையில் ஒரு மாதம் நோட்டீஸ் ஒட்டி வைப்பார்கள். இரண்டு பேர் சேர்ந்து வாழ ஊரையே கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்பார்கள்.

அந்த ஆபீசுக்குப் பத்திரம் பதியவும் வில்லங்கம் பார்க்கவும் மலர்விழியின் சொந்தக்காரர்கள் தினமும் யாராவது வந்தபடி இருப்பார்கள். ஒருவர் கண்ணில் பட்டால் போதும், வேனில் ஆள் வந்துவிடும். மச்சான் ஒரு காரியம் செய்தார். ஆபீஸ் திறந்ததும் போய் அந்தப் பலகையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தார். சாயங்காலம் பூட்டினால் வீட்டுக்கு வருவார். காவலாளி கேட்டதற்கு, முதுகு வலிக்கிறது, இந்தப் பலகைதான் வாட்டமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். ஒருநாள் மலர்விழியின் சித்தப்பாவே கண்ணாடியை மாட்டிக்கொண்டு பலகைப் பக்கம் வர, அவரைக் கட்டிப்பிடித்து, அப்படியே தள்ளிக்கொண்டு போய் டீக்கடையில் உட்கார வைத்துவிட்டார். ஒரு மாதமும் முடிந்து, சாட்சிக் கையெழுத்தையும் அவரே போட்டார். கையெழுத்துப் போடும்போது முதுகில் நாலு குண்டூசி குத்திய தழும்பு இருந்தது.

இனியா பிறந்த பிறகு இரண்டு வீடும் சமாதானம் ஆகிவிட்டது. மச்சானுக்கு இரண்டும் பையன்கள். தங்கை என்று மலர்விழி ஒருத்திதான். ஆகவே தாய்மாமன் என்ற பட்டத்தோடு அவர் மேடையில் உட்கார ஒரே ஒரு வாய்ப்புத்தான், இனியாவின் காதுகுத்து. எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குக் காது குத்துவது தாய்மாமன் மடியில் வைத்துத்தான். கிறிஸ்தவ வீடுகளிலும் அதே கதைதான். வேறு யார் மடியும் செல்லாது. வழக்கமாக ஒரு வயதில் குத்திவிடுவார்கள், பிள்ளை அழுது முடிப்பதற்குள் வாயில் சர்க்கரையைப் போட்டுவிடுவார்கள். எங்களுக்கு முதல் வருடம் பாஸ்போர்ட் சரியில்லை, அப்புறம் வேலை மாற்றம், அப்புறம் கொரோனா. தள்ளித் தள்ளிப் போய்ப் பிள்ளைக்கு ஒன்பது வயதும் சொந்த அபிப்பிராயமும் வந்துவிட்டன.

3

மச்சான் போனில் மண்டபம் பிடித்துவிட்டேன் என்றார். எனக்கு ஏக மகிழ்ச்சி. ஆனால் மலர்விழி இனியாவிடம் முதலில் கேட்க வேண்டும் என்றாள். இங்கே பள்ளிக்கூடத்தில் உன் உடம்பு உன்னுடையது என்று தனியாகப் பாடமே நடத்துகிறார்கள். பாட்டி முத்தம் கொடுக்க வந்தால்கூடப் பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லலாமாம். எனக்குக் கோபம் வந்தது. என் மகள் காதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை என்றேன். ஆனாலும் மனசு கேட்காமல் மச்சானிடம் இதை லேசாகச் சொல்லி வைத்தேன்.

“காது குத்தறதுக்குக் காதுகிட்டயா மாப்ள கேப்பாங்க?” என்றார். “நீ இங்க இட்டுகினு வா. நம்ம ஊருல எவன் கேக்கப்போறான்?”

நான் யாரிடமும் கேட்கவில்லை. மாமா வீட்டு விசேஷம், புதுப் பாவாடை உண்டு என்று மட்டும் இனியாவிடம் சொல்லி விமானம் ஏற்றினேன். சிதம்பரத்தில் மண்டபத்து வாசலில் ஆளுயர பிளெக்ஸ் வைத்திருந்தார்கள். நடுவில் இனியாவின் படம். நாங்கள் வாட்ஸப்பில் அனுப்பிய பள்ளிக்கூடப் படம்தான். பிளெக்ஸ் அடித்த தம்பி உற்சாகத்தில் கம்ப்யூட்டரிலேயே அவள் காதுக்கு இரண்டு பெரிய ஜிமிக்கியை மாட்டிவிட்டிருந்தார். இனியா அதன் எதிரில் நின்று ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தன் காதை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“அப்பா, இது யாரு காது?” என்றாள்.

நான் ஜூஸ் குடிக்கலாமா என்று கேட்டுப் பேச்சை மாற்றினேன்.

4

அரசாங்கமே இல்லாத இடம் என்று நம்பித்தான் வந்தேன். உள்ளே போனதும் ஒரு பெரியவர் பிள்ளை கிழக்குப் பார்த்து உட்கார வேண்டும் என்றார். அது எப்படி, வடக்குத்தான் என்று இன்னொருவர் நாற்காலியைத் திருப்பினார். முதலில் வலது காது என்று ஒரு அத்தை. பெண்பிள்ளைக்கு இடதுதான் என்று அவருக்கு நாத்தனார். தட்டு வரிசை ஒற்றைப்படையில் இருக்க வேண்டும், மாமன் மாலை அப்பன் மாலையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், கறுப்புக் கோடு போட்ட சட்டை ஆகாது. என்னைச் சட்டை மாற்ற வைத்தார்கள். ஜெர்மனியில் எனக்கு ஒரே ஒரு அரசாங்கம். இங்கே நாற்காலிக்கு ஒன்று உட்கார்ந்திருந்தது.

மச்சான் மேடையில் பட்டு வேட்டியோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து மடியை ஒருமுறை தட்டிச் சரிசெய்தார். காது குத்த வந்த பத்தர் ஊசியைத் தட்டில் எடுத்து வைத்தார். தன் மருமகள் விசேஷம் என்பதால் கடையில் இருந்த அத்தனை பாக்ஸையும் மச்சான் இறக்கியிருந்தார். மண்டபத்துக்குள் பாதி, தெருவில் பாதி. பக்கத்திலேயே மைக்கும் ஓடிக்கொண்டிருந்தது. இனியா மேடைக்கு வந்து, ஊசியைப் பார்த்து, பத்தரைப் பார்த்து, மைக்குக்கு நேராக நின்றாள்.

“மாமா, ஒங்க மடியில நான் உக்காருவேன். குத்த வேணாம். இது என் காது.”

தெருமுனை வரைக்கும் கேட்டது. பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள்.

“காது ஒன்னுதுதான் கண்ணு” என்றார் மச்சான். “மடி மாமனுது. ரெண்டும் சேந்தாதான விசேஷம்?”

“சேரலாம். ஓட்டை வேணாம்.”

எனக்கு மானம் போனது. இத்தனை உறவும் பார்க்கிறது, வளர்ப்பு சரியில்லை என்று பேச ஊருக்கு ஒரு வருடத்துக்குப் போதும். மேடையேறி, அப்பா சொல்கிறேன், பேசாமல் உட்கார் என்று அதட்டினேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“நீங்க கவர்மெண்டாப்பா?”

மண்டபம் கொல்லென்று சிரித்தது. மலர்விழி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று இன்றுவரை சொல்லவில்லை.

அப்போதுதான் மச்சானின் பெரியம்மா எழுந்தார். எடுத்த ஊசி சும்மா திரும்பினால் குடும்பத்துக்கு ஆகாது, யார் காதிலாவது குத்தித்தான் வைக்க வேண்டும் என்றார். உடனே மண்டபம் முழுக்க ஓட்டையில்லாத காதைத் தேடும் வேலை தொடங்கியது. மச்சானின் பையன்களுக்கு எப்போதோ ஆகிவிட்டது. கைப்பிள்ளைகளுக்கெல்லாம் அவரவர் மாமன் வேறு. பெரியம்மா சுற்றிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“மாப்ள காதுல ஓட்டையே இல்லியே” என்றார்.

உண்மைதான். என் அப்பா ஒரு தலைமையாசிரியர். கடவுள் தேவையான இடத்தில் ஓட்டை போட்டுத்தான் அனுப்பியிருக்கிறார், நாம் போய்க் கூடுதலாகப் போட வேண்டியதில்லை என்று சொல்லி என் காதை அப்படியே விட்டுவிட்டார். இந்த விவரத்தை நான் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பேர் என் தோளைப் பிடித்தார்கள். பத்தரும் தட்டோடு கிளம்பிவிட்டார். என் வயசென்ன, என் உத்தியோகம் என்ன, திங்கட்கிழமை ஆபீசில் நான் எப்படிப் போய் நிற்பது? இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கத்தினேன். கத்திய இடம் மைக்குக்குப் பக்கத்தில் என்பதைக் கவனிக்கவில்லை.

“வுடுங்க, இது என் காது.”

அதுவும் தெருமுனை வரைக்கும் போனது. இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள், இனியாவைத் தவிர.

“அதத்தான் நானும் சொன்னேன்” என்றாள்.

என்னைக் கடைசியில் காப்பாற்றியது சட்டம்தான். யார் மடி என்று யாரோ கேட்டார்கள். என் தாய்மாமன் திருச்சியில் இருக்கிறார், முட்டிக்கு ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கிறார். நல்ல நிலையில் இருந்தாலும் என்னைத் தாங்க மாட்டார். வேறு மடி செல்லாது என்று பெரியம்மாவே தீர்ப்புச் சொல்ல, தோளிலிருந்து கைகள் விலகின. விதிமுறை என்ற ஒன்று மனிதனுக்கு வேண்டும் என்று வாழ்க்கையில் முதல்முறையாக நினைத்தேன்.

மச்சான் கையை நீட்டி மைக்கை அணைத்தார். எத்தனை வருடக் கனவு அது, முகம் சுருங்கிப் போயிருந்தது. இனியாவைப் பக்கத்தில் கூப்பிட்டு, இப்ப வேணாமா, எப்பவுமே வேணாமா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். பெரியம்மா பார்க்கவே அவர் ஊசித் தட்டைப் பத்தரிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு மைக்கைப் போட்டு அறிவித்தார்.

“இன்னிக்கி காது குத்தல. மருமவ மாமன் மடியில ஒக்காருது, அவ்ளோதான் விசேஷம். பந்தி போட்டாச்சு, எல்லாரும் இருந்து சாப்புட்டுப் போவணும்.”

அவள் உட்கார்ந்தாள். ஒன்பது வயதுப் பிள்ளையின் கால் இரண்டும் மடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. போட்டோகிராபர் எந்தப் பக்கம் நின்று எடுப்பது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தார். குத்தாத இரண்டு காதிலும் சந்தனம் வைத்து அட்சதை போட்டார்கள். இதென்ன கூத்து என்று சொன்னவர்களும் பிரியாணி சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். இரண்டாம் பந்தியில் முட்டை தீர்ந்துபோனதுதான் பெரிய சண்டையானது.

மண்டபத்தைக் காலிசெய்து ஒயரைச் சுருட்டும்போது நான் மச்சானிடம் மன்னிப்புக் கேட்டேன். பிள்ளையைக் கண்டித்து வைத்திருக்க வேண்டும் என்றேன். அவர் நிமிரவே இல்லை.

“பலகைல ஒரு மாசம் எதுக்கு மாப்ள முதுக குடுத்தேன்? ஊருல எவனும் உங்க ரெண்டு பேத்தயும் கேக்கக் கூடாதுன்னுதான? அந்தப் புள்ளைக்கு மட்டும் வேற ஞாயமா?”

ஒயரின் மறுமுனையைப் பிடித்துச் சுருட்டிக் கொடுத்தேன். வெட்கமாக இருந்தது.

5

ஜெர்மனிக்குத் திரும்பினோம். குப்பை நாலு நிறத் தொட்டிகளில் பிரிந்தது, மரம் சட்டப் பாதுகாப்பில் இலை கொட்டியது. காதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. போன இலையுதிர்காலத்தில் ஒருநாள் இனியா சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, யோசித்துவிட்டேன், குத்திக்கொள்கிறேன் என்றாள். யார் சொன்னார்கள் என்றதற்கு, யாரும் சொல்லவில்லை, யோசித்தேன் என்றாள். நிபந்தனை ஒன்றுதான். மாமா வர வேண்டும், அவர் மடியில் உட்கார்ந்துதான் குத்திக்கொள்வாள்.

இப்போது தயங்கியது நான்தான். வலிக்குமே, சீழ் பிடித்தால், இன்னும் ஒரு வருடம் போகட்டுமே என்று இழுத்தேன். மலர்விழி என்னைப் பார்த்த பார்வையில் நகைக்கடைக்குப் போன் செய்தேன். கடைக்கார அம்மா விதிகளைச் சொன்னார். அப்பா அம்மா இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். பிள்ளையைத் தனியாக அழைத்துச் சம்மதமா என்று கேட்பார்கள், அப்போது நாங்கள் வெளியே நிற்க வேண்டும். சரி என்றேன். பிறகு மடி விஷயத்தைச் சொன்னேன். எங்களிடம் உயரம் கூட்டிக் குறைக்கும் நாற்காலி இருக்கிறதே என்றார். நாற்காலி தாய்மாமன் ஆகாது என்று விளக்கினேன். அவர் மருத்துவப் பயிற்சி பெற்றவரா என்று கேட்டார். இல்லை, ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிறவர் என்றேன். போனை வைத்துவிட்டு யாரிடமோ கேட்டு வந்தார். சுகாதார விதிகளில் மாமாவைப் பற்றி எதுவும் இல்லை, தடை இல்லாததால் அனுமதி உண்டு, வேட்டி மட்டும் துவைத்ததாக இருக்கட்டும் என்றார். இந்த நாட்டின் மேல் எனக்கு முதல்முறையாகப் பாசம் வந்தது.

6

மச்சான் பாஸ்போர்ட் எடுத்தார், குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்தார், சென்னைக்குப் போய் விசாவுக்கு விண்ணப்பித்தார். பயணத்தின் நோக்கம் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். உல்லாசப் பயணம் என்று சொல்லச் சொல்லி நான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அவருக்குப் பொய் வராது. உட்காரப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறார். எவ்வளவு நாள் உட்காருவீர்கள் என்றதற்கு, ஊசி உள்ளே போய் வெளியே வருகிற வரைக்கும் என்றிருக்கிறார். ஆதாரமாகச் சிதம்பரத்தில் எடுத்த படத்தைக் காட்டியிருக்கிறார், மடியில் பிள்ளை, காதில் ஓட்டை இல்லை, பாருங்க சார், பாதி வேலை பாக்கி இருக்கு என்று. எதிரில் இருந்தவர் சிரித்தாராம். அதனால் கிடைத்துவிடும் என்று மச்சான் நம்பியிருந்தார்.

நேற்று போன் வந்தது. விசா இல்லை. சொன்ன காரணம் போதவில்லையாம். அந்தக் கடுப்போடுதான் இன்று புகைபோக்கிக்காரருக்குக் கதவைத் திறந்தேன். அனுமதி கேட்காத ஆள் என் வீட்டு உச்சி வரைக்கும் ஏறலாம், அனுமதி கேட்ட ஆள் வாசலுக்கு வரக்கூடாது.

நேற்றுப் போனில் மச்சான் குரலே இறங்கிப்போயிருந்தது. எப்போதும் மைக்கில் பேசுகிற மாதிரிப் பேசுகிற ஆள். அடுத்த தடவை ஊருக்கு நாங்கள் வர இரண்டு வருடம் ஆகும் என்று அவருக்குத் தெரியும். பிள்ளையே வாய் திறந்து கேட்டிருக்கிறது, அதை எதற்குக் காக்க வைக்க வேண்டும், அங்கேயே நல்ல நாளாகப் பார்த்துக் குத்திவிடுங்கள், மடி இல்லாவிட்டால் போகிறது என்றார். நான் போனை ஸ்பீக்கரில் போட்டு இனியா பக்கம் நகர்த்தினேன்.

“மாமா, காது என்னுதுதான?” என்றாள்.

“ஒன்னுதுதான் கண்ணு. மாமன் அதுல தலையிட மாட்டேன்.”

“அப்ப நான் வெயிட் பண்றேன். மடி வரட்டும்.”